பிஷ்தி பற்றி இன்னும் கொஞ்சம்

உங்கள் கட்டுரையில் பிஷ்தி என்றால் வட இந்தியாவில் தண்ணீர் சுமந்த கூலியாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அது எனக்கு வருத்தமாக இருந்தது. பாரசீகத்தில் பிஹிஷ்த் என்றால் சொர்க்கம், அதிலிருந்து வந்த பெயர் இது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பவனைச் சொர்க்கத்துக்காரன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், எவ்வளவு பெரிய மரியாதை பாருங்கள். சக்கா என்ற அரபுப் பெயரும் உண்டு. இராக்கில் நடந்த கர்பலா போரில் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போய் உயிர்விட்ட, நபிகளின் பேரன் ஹுசைனின் தம்பி அப்பாஸை அப்படித்தான் சொல்வார்கள், பிஷ்தி சமூகத்தில் பலர் அப்பாஸி என்று பெயர் வைத்துக்கொள்வதும் அவரை நினைத்துத்தான்.

அப்புறம், நிஜாம் என்ற பிஷ்தியை எப்படி விட்டீர்கள்? 1539-ல் பீகாரின் சௌசாவில் ஆப்கானியத் தலைவர் ஷேர்ஷாவிடம் தோற்று ஆற்றில் தத்தளித்த முகலாயப் பேரரசர் ஹுமாயூனைக் கரை சேர்த்தவர் அந்தத் தண்ணீர்க்காரர். காற்று ஊதிய தோல்பை உதவியது என்பார்கள். நன்றிக்கடனாக அவரை அரியணையிலேயே உட்கார வைத்தார் ஹுமாயூன். இரண்டு நாள் என்று ஹுமாயூனின் தங்கை குல்பதன் பேகம் எழுதியிருக்கிறார், அதைவிடக் குறைவு என்று சொல்பவர்களும் உண்டு.

பிஷ்திகள் தண்ணீர் சுமக்கும் அந்தப் பைக்கு மஷக் என்று பெயர், ஆட்டுத்தோலில் தைப்பது. நிரம்பினால் நல்ல கனம், அதை ஒரு பக்கமாக இடுப்போடு அணைத்துக்கொண்டு கழுத்துப் பக்கத்தைக் கையால் இறுக்கிப் பிடித்தபடி மாடிப்படி ஏற வேண்டும். குழாய் வந்த பிறகு தொழில் ஒடுங்கிவிட்டது, ஆனாலும் கொல்கத்தாவின் பழைய தெருக்களில் அண்மைக்காலம் வரை சிலர் இதைச் செய்துவந்தார்கள். அவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.