குழி தோண்டும் முன்னால் கொட்டை பொறுக்குங்கள்

ஜூன் 5 வந்தால் போதும், டைம்லைன் முழுக்க மரம் நடும் விழாதான், கடப்பாரையும் பச்சை டீ-ஷர்ட்டுமாக. உலகத்துக்கு அது சுற்றுச்சூழல் தினம், சரி. நம் கிழக்குக் கரைக்கு அது அக்னி நட்சத்திரம் முடிந்தும் மண் ஆறாத நேரம். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை பெருமழை அக்டோபர் பாதிக்கு மேல்தான். அதுவரை நாலு மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது? லாரி முதல் வாரம் வரும், அப்புறம் வராது.

என்ன கன்று என்றும் பாருங்கள். பேனரில் 'நாட்டு மரம்' என்று இருக்கும், குழிக்குள் போவது மடகாஸ்கர் செம்மயிற்கொன்றை, இல்லையென்றால் தென் அமெரிக்கத் தூங்குமூஞ்சி. கோனோகார்பஸ் என்ற இன்னொரு வெளிநாட்டு மரத்தின் மோகம் 2025இல் அரசு தடை போட்ட பிறகுதான் அடங்கியது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்கு மறுநாள் சென்னைத் தெருக்களில் நடந்தவர்களுக்கு இந்த வெளிநாட்டு நிழல் மரங்கள் எப்படிக் கிடந்தன என்று தெரியும். (நாட்டு மரம் விழவே விழாது என்று சொல்ல மாட்டேன். அடிமரத்தைச் சுற்றி கான்கிரீட் போட்டால் வேம்பும்தான் விழும்.)

ஆனால் விழா நடத்துபவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை, நர்சரியில் இருப்பதைத்தானே வாங்க முடியும். நர்சரியில் ஏன் இல்லை என்பதுதான் விஷயம். செம்மயிற்கொன்றை விதை கல் மாதிரி, டப்பாவில் போட்டு வைத்தால் வருஷக்கணக்கில் கிடக்கும், தேவைப்படும்போது வெந்நீரில் ஊறவைத்துப் போட்டால் முளைத்துவிடும். நாவலும் இலுப்பையும் அப்படியில்லை. பழம் விழுந்ததும் சதையைக் கழுவிவிட்டு ஓரிரு வாரத்துக்குள் மண்ணில் போட்டாக வேண்டும், காய்ந்தால் செத்துவிடும். வேப்பங்கொட்டை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். ஆக, மே மாதம் போன் பண்ணி 'ஐந்நூறு இலுப்பை வேண்டும்' என்றால் எங்கிருந்து வரும்? போன வருஷம் ஆடியிலேயே யாராவது மரத்தடியில் குனிந்திருக்க வேண்டும்.

புதுச்சேரி பக்கத்து ஆரோவில்காரர்கள் செய்தது இதைத்தான். 1968இல் அது செம்மண் அரித்துப்போன பொட்டல். ஆரம்பத்தில் அவர்களும் மண்ணைப் பிடித்து நிறுத்த ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டவர்கள்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதோடு நிற்காமல், புத்துப்பட்டு மாதிரி கோயில் காடுகளில் மிச்சமிருந்த வீரை, காசான், பாலை மரங்களின் விதைகளைத் தேடி எடுத்து நாற்றாக்கினார்கள். இந்தக் கரையின் சொந்தக் காடு அது. கோயில் பயத்தில் தப்பித்த துண்டுகள் இல்லாவிட்டால் விதைக்குக்கூட வழி இருந்திருக்காது.

இந்த ஆடியில் உங்கள் ஊர்க் கோயில் இலுப்பைக்கு அடியில் போய்ப் பாருங்கள், மிதிபட்டுக் கிடக்கும். செம்மண், மணல், தொழு உரம் கலந்த பையில் பழுதில்லாத கொட்டையாகப் பார்த்துப் போட்டு நிழலில் வையுங்கள். அடுத்த வருஷ ஐப்பசி மழைக்கு நடும் பக்குவத்தில் இருக்கும். அதன்பின் இரண்டு கோடைக்கு நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதில் சலுகை கிடையாது. வீட்டு வாசலில் மேலே மின்கம்பி போகிறதா, இலுப்பை வேண்டாம், பூவரசு வையுங்கள். அதற்குக் கொட்டைகூடத் தேவையில்லை, மழைக்காலத்தில் நல்ல கிளைத் துண்டாக (போத்து) ஒன்று வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும்.