கண்ணீர் அஞ்சலி பேனரில் கட்டம் கட்டமாக ஒரு முகம்

போனவர் முகத்தைப் பார்க்கத்தானே அந்த ஃப்ளெக்ஸ்? கிட்டே போனால் வெறும் கட்டங்கள். கல்யாண குரூப் போட்டோவில் 200 பிக்சல் அகலமிருந்த தலையை வெட்டி 3 அடிக்கு இழுத்தால், அங்குலத்துக்கு 6 புள்ளிகூடத் தேறாது, வேறெப்படி இருக்கும்? அதுவும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி ஏற்கெனவே சுருங்கிய படம். டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காது, இரண்டு தட்டுதான் கூடுதல். ஆல்பத்துப் படமா, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணுங்கள். சுவரில் மாட்டிய சட்டத்தோடு செல்போனில் எடுத்தால் டியூப்லைட் நெற்றியில்தான் விழும்.

தோற்றம், மறைவு தேதிகளைச் சரிபார்க்க ஆளில்லை. யுனிகோடில் (செல்போனில் தட்டும் எழுத்துமுறை) அனுப்பிய பெயரை, அதற்கு முந்தைய பழைய எழுத்துருவில் ஒட்டினால் குப்பையாகிறது, அதையும் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. கீழே வரிசை கட்டும் பேரன்மார் படங்கள் மட்டும் பளிச்சென்று, கூலிங் கிளாஸோடு!