அடிபட்டவனுக்கு மட்டும் லாகின் கிடையாது

போன வாரம் டீக்கடையில ஒரு ஃப்ரெண்டு கேட்டான், "இப்பதான் எல்லாமே ஆன்லைன் ஆயிடுச்சே, வேலையில அடிபட்டா நஷ்டஈடு வாங்குறதும் சுலபமாயிருக்கும்ல?"னு. சுலபமாதான்டா ஆச்சு, யாருக்குன்னு கேளுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவன்கிட்ட பாதியில விட்டதை இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

2015லேருந்து ஆறு வருஷம் நான் சோறு தின்னது இந்த வேலையிலதான். ஓஎம்ஆர்ல ஒரு பிபிஓ, யூகே இன்சூரன்ஸ் கம்பெனி பக்கத்துலேருந்து நஷ்டஈடு கேஸ் பாக்குற வேலை, மதியம் ஒன்றரைக்கு ஷிஃப்ட், ராத்திரி பத்தரைக்கு கேப். லீட்ஸ்லயோ பர்மிங்ஹாம்லயோ யாராவது குடோன்ல வழுக்கி விழுந்தா அந்தாளோட கேஸ் என் ஸ்க்ரீன்ல வந்து நிக்கும். விழுந்தவருக்கு சோழிங்கநல்லூர்ல ஒருத்தன் உக்காந்து தன்னோட முட்டி வலியைப் படிச்சிட்டிருக்கான்னு தெரியவே தெரியாது.

யூகேல இதுக்குன்னு க்ளெய்ம்ஸ் போர்ட்டல்னு ஒண்ணு இருக்கு. 2010ல ரோடு ஆக்சிடென்ட்டுக்கு மட்டும்னு ஆரம்பிச்சாங்க. 2013 ஜூலை கடைசியில வேலையில அடிபடுறது, கடை ரோடு பார்க்குன்னு பொது இடத்துல அடிபடுறது ரெண்டையும் உள்ள கொண்டுவந்தாங்க, மொதல்லதுக்குப் பேரு எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி, ரெண்டாவது பப்ளிக் லயபிலிட்டி. 25 ஆயிரம் பவுண்டு வரைக்கும் உள்ள கேஸ் பெரும்பாலும் இதுலதான் ஆரம்பிக்கணும். அடிபட்டவரோட வக்கீல் க்ளெய்ம் நோட்டிஃபிகேஷன் ஃபார்ம்னு ஒண்ணை நிரப்பி அனுப்புவாரு, நாங்க சிஎன்எஃப்னு சொல்லுவோம். வேலை கேஸ்னா 30 வேலை நாளுக்குள்ள, பப்ளிக் கேஸ்னா 40 வேலை நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனி பதில் சொல்லணும், தப்பு எங்க மேலதான்னு ஒத்துக்கிறோம் இல்ல ஒத்துக்கலைன்னு. ஒத்துக்கிட்டா டாக்டர் ரிப்போர்ட் வாங்கி ஸ்டேஜ் டூல பேரம் பேசலாம், அதுக்கு 35 நாள். ஒத்துக்கலைன்னாலோ, உன் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குன்னு சொன்னாலோ, கேஸ் போர்ட்டலை விட்டு வெளிய போயிடும், அப்புறம் பழைய மாதிரி லெட்டர், டாக்குமெண்ட், தேவைப்பட்டா கோர்ட்.

கேக்க நல்லாத்தான் இருக்கு, நல்ல விஷயம் இல்லைன்னும் சொல்ல மாட்டேன். ஒழுங்கா ஒத்துக்கிட்ட கேஸ்ல அஞ்சாறு மாசத்துல பணம் கைக்கு வந்ததைப் பாத்திருக்கேன். ஆனா அந்த போர்ட்டல்ல ஒரு பக்கம் வக்கீல் லாகின், இன்னொரு பக்கம் இன்சூரன்ஸ் லாகின். விழுந்தவருக்கு லாகின் கிடையாது. அவர் கேஸ் எந்த ஸ்டேஜ்ல நிக்குதுன்னு தெரிஞ்சுக்க அவர் தன் வக்கீலுக்கு போன் பண்ணணும், அந்த வக்கீல் ஆபீஸ்ல எடுக்கிறதும் என்னை மாதிரி ஒரு ஹெட்செட் ஆள்தான்.

எங்க டீம்ல தினமும் காலண்டர்தான் ராஜா. 28வது நாள் ஆன கேஸெல்லாம் ஸ்க்ரீன்ல செவப்பாகும், டீம் லீடர் வந்து பின்னாடி நிப்பாரு. பதில் போடாம நாள் தாண்டிட்டா கேஸ் வெளிய போயிடும், எதிர்தரப்பு வக்கீலுக்குக் குடுக்க வேண்டிய ஃபீஸ் எகிறும். அதனால அந்த 30 நாள்ல நாங்க தேடுறது அங்க என்ன நடந்துச்சுன்னு இல்ல, எந்த பட்டனை அமுக்கலாம்னு. கம்பெனிக்காரன் ரிஸ்க் அசெஸ்மெண்ட், ட்ரெய்னிங் ரெக்கார்டுல கையெழுத்து, கிளீனிங் லாக்னு நாலு பிடிஎஃப் அனுப்பிட்டா போதும், மறுக்கிறதுக்கு மெட்டீரியல் ரெடி. ஒரு தடவை ஒரு கிச்சன் போர்ட்டர் கேஸ், எண்ணெய் கொட்டின தரையில விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சிருச்சு. அவங்க அனுப்பின கிளீனிங் லாக்ல ஒரு மாசத்துக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, லீவு நாள்லகூட டிக் போட்டிருக்கு. நான் நோட்ல எழுதினேன். அதுக்கு என்ன ஆச்சுன்னா, ஒண்ணும் ஆகல, அந்த ஃபைல் வேற க்யூவுக்குப் போயிடுச்சு. இப்பவும் அந்த நீல மை ஞாபகம் இருக்கு.

இந்த கிளீனிங் லாக் சமாச்சாரத்துக்கு ஒரு பழைய கதை இருக்கு. லிவர்பூல்ல ஒரு டெஸ்கோ கடையில ஒரு அம்மா தரையில கொட்டிக் கிடந்த தயிர்ல வழுக்கி விழுந்தாங்க, 1976ல அப்பீல் கோர்ட் தீர்ப்பு ரிப்போர்ட் ஆச்சு. தயிர் எப்பக் கொட்டுச்சுன்னு அந்தம்மாவால எப்படி சொல்ல முடியும், தரை உன் கையில இருக்கு, ஒழுங்கா பாத்துக்கிட்டோம்னு நீதான் காட்டணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. கெடச்ச தொகை என்னவோ 137 பவுண்டு 50 பென்ஸ்தான். ஆனா அந்தத் தீர்ப்புலேருந்துதான் கடைக்காரன் பாத்துக்கிட்டதுக்கு ஆதாரம் காட்டணும்ங்கிற பழக்கம் கெட்டியாச்சு, அந்த ஆதாரம் காலப்போக்குல டிக் போட்ட ஒரு பேப்பராகி, எங்க டீமுக்கு பிடிஎஃப்பா வந்து சேந்துச்சு.

வேலை கேஸ்ல இதைவிடப் பெரிய அடி விழுந்தது 2013 அக்டோபர் 1. அதுக்கு முன்னாடி அங்க, மெஷின் பழுதாகி அடிபட்டா முதலாளி கவனமா இருந்தாரா இல்லையாங்கிறதே பல கேஸ்ல முக்கியமில்ல. ஒரு போஸ்ட்மேன் கேஸ் உண்டு, ஸ்டார்க் அப்படிங்கிற பேர்ல சொல்லுவாங்க, சைக்கிளோட முன் பிரேக் ஒடஞ்சு ஆள் பறந்து விழுந்தாரு. எப்படி செக் பண்ணியிருந்தாலும் அந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது, இருந்தாலும் வண்டி குடுத்தது நீங்க, பொறுப்பும் உங்களோடதுன்னு 2000ல தீர்ப்பு. 2013ல புதுசா ஒரு சட்டம் போட்டு அந்தக் கதவை சாத்திட்டாங்க. இப்ப அதே போஸ்ட்மேன் விழுந்தா முதலாளியோட அலட்சியத்தை அவர் நிரூபிக்கணும். அதே வருஷம் ஏப்ரல்லேருந்து இன்னொண்ணு, ஜெயிச்சா வக்கீலோட சக்சஸ் ஃபீயை தோத்தவன்கிட்ட வாங்க முடியாது, அடிபட்டவர் பணத்துலேருந்துதான் போகும், 25% வரைக்கும். ஏப்ரல்ல ஒண்ணு, ஜூலைல போர்ட்டல், அக்டோபர்ல ஒண்ணு. எல்லாம் ஒரே வருஷத்துல நடந்திருக்கு, போர்ட்டலை மட்டும் தனியா எடுத்துவெச்சு அது சாதிச்சுச்சு இது சாதிச்சுச்சுன்னு பேசுறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சல் வருது.

அப்புறம் நம்பர். அங்க நஷ்டஈடு கேஸ் ஒவ்வொண்ணும் அரசாங்கத்தோட ஒரு யூனிட்ல பதிவாகும். 2013-14ல வேலை சம்பந்தப்பட்ட கேஸ் ஒரு லட்சத்துக்கு மேல, 2020-21க்கு அப்புறம் 50 ஆயிரத்துக்குக் கீழ. இதுல கொஞ்சம் நியாயமா பேசணும், அந்த உச்சத்துல ஃபேக்டரி சத்தத்துல காது போன பழைய கேஸ்கள் கூட்டமா வந்து விழுந்ததும் சேத்தி, கடைசி இறக்கத்துல கோவிட்டும் சேத்தி. ஆனா பாதிக்கும் கீழ போச்சே, அப்ப அடிபடுறது பாதியாயிடுச்சா? வேலையிடப் பாதுகாப்பைப் பாக்குற அவங்க அரசாங்க அமைப்பு எச்எஸ்இ கணக்குப்படியே 2023-24ல வேலையில அடிபட்டோம்னு சர்வேல தானா சொன்னவங்க 6 லட்சத்து 4 ஆயிரம் பேர். முதலாளிங்க ரிப்போர்ட் பண்ணது 61,663. ஏழு நாளுக்கு மேல வேலைக்கு வர முடியாம போனதையும் எலும்பு முறிவு மாதிரி பெரிய காயத்தையும்தான் முதலாளி சொல்லணும்னு ரூல், அதனால ரெண்டையும் நேரா கழிச்சுப் பாக்க முடியாது, ஒத்துக்கிறேன். ஆனாலும் ஆறு லட்சம் பேருக்கு அடி, அம்பதாயிரம்கூட இல்ல க்ளெய்ம். எங்க கான்ஃபரன்ஸ் ரூம்ல இந்த க்ளெய்ம் கிராஃப் கீழ எறங்குறதைக் காட்டி கை தட்டுவாங்க, கேக்கு வெட்டினதும் உண்டு. நானும் தின்னேன்.

ஃப்ராடு கேஸ் இல்லவே இல்லையான்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். இருக்கு. ரோட்டுப் பள்ளத்துல ஸ்கேலை வெச்சு போட்டோ எடுத்து அனுப்புவாங்க, ஆழம் காட்ட. ஒரே பள்ளம் மூணு பேரோட போட்டோல வந்து நாங்களே புடிச்சிருக்கோம். ஆனா நான் ஆறு வருஷத்துல பாத்ததுல அது சொற்பம். அதிகமா பாத்தது ஏஜென்சி ஆளுங்க, மணிக்கணக்குல கூப்பிடுற கான்ட்ராக்ட்ல இருக்கவங்க, க்ளெய்ம் போட்டா அடுத்த வாரம் ஷிஃப்ட் வராதுன்னு ரெண்டரை வருஷம் வாயைத் தொறக்காம இருந்துட்டு க்ளெய்ம் போடுறதுக்கான மூணு வருஷ கெடு முடியப் போகுதுன்னதும் ஓடி வந்தவங்க. அதுக்குள்ள சிசிடிவி அழிஞ்சிருக்கும், சாட்சி சொல்ல வேண்டியவன் வேற ஊருக்குப் போயிருப்பான், எங்களுக்கு மறுக்கிறது இன்னும் ஈஸி. சின்ன காயம்னா இன்னொரு தொல்லை, வலிக்கான தொகை 1,500 பவுண்டுக்கு மேல இல்லைன்னா வக்கீல் ஃபீஸை எதிர்தரப்புகிட்ட வாங்க முடியாது, 2022 ஏப்ரல் வரைக்கும் அது ஆயிரமா இருந்துச்சு. காசு வராத கேஸை எந்த வக்கீல் தொடுவாரு?

சரி லாகின் குடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமான்னா, அதுவும் இல்ல. 2021 மே 31ல ரோடு ஆக்சிடென்ட் சின்ன கேஸுக்கு அஃபிஷியல் இஞ்சுரி க்ளெய்ம்னு புது போர்ட்டல் தொறந்தாங்க, வக்கீலே வேணாம், நீங்களே போட்டுக்கலாம்னு. பத்துல ஒம்பது பேர் திரும்பவும் வக்கீல் மூலமாத்தான் வர்றாங்க. ஒரு ஃபார்ம்ல தப்பா ஒரு டிக் போட்டா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும், ஒடஞ்ச கையோட உக்காந்திருக்கவருக்குத் தெரியாது. அந்த பயம் நியாயமான பயம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதைன்னு நெனச்சுட்டுதான் நானும் இருந்தேன், எங்க சின்ன மாமா பையனுக்கு ஆகுற வரைக்கும். அம்பத்தூர் எஸ்டேட்ல தகடு அழுத்துற ஒரு ப்ரெஸ் ஷாப், பேர் வேணாம். சேந்து நாலு மாசம், சம்பளம் 18 ஆயிரம் கையில. ஒரு செவ்வாக்கிழமை பவர் ப்ரெஸ்ல வலது கை ஆள்காட்டி விரல் ரெண்டு கணு போச்சு. போன உடனே நான் கேட்ட மொத கேள்வி, இஎஸ்ஐ கார்டு இருக்காடா? அவன் முழிச்சான். 21 ஆயிரத்துக்குள்ள சம்பளம்னா இஎஸ்ஐ கட்டாயம், முதலாளி 3.25%, தொழிலாளி 0.75%. இவன் பேர்ல ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு சாயந்திரமே ஆன்லைன்ல நம்பர் போட்டுட்டாங்க, பத்து நிமிஷ வேலை, சேந்த தேதி அதே செவ்வாக்கிழமை, சம்பளம் 11 ஆயிரம். வந்த மொத நாளே விரலைக் குடுத்துட்டானாம் எங்க தம்பி.

அந்த 11 ஆயிரம் என்ன பண்ணும்னு கணக்கு போட்டேன், பழைய தொழில் புத்தி. சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு, எந்த விரல் எவ்வளவு போனா எத்தனை சதவீதம்னு. ஆள்காட்டி விரல் முழுசா போனா 14, ரெண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாம நுனி மட்டும்னா 5. சம்பளத்துல 90%, அதுல 11%, ஆயுசு முழுக்க மாசாமாசம். 18 ஆயிரத்துக்குப் போட்டா சுமார் 1,780 ரூபா, 11 ஆயிரத்துக்குப் போட்டா சுமார் 1,090. ஒரு டேட்டா என்ட்ரில மாசம் 690 ரூபா, அவனுக்கு இப்ப 23 வயசு.

ஆக்சிடென்ட் ரிப்போர்ட் போடுறதும் முதலாளி லாகின்லதான். அதுல 'எப்படி நடந்தது'ங்கிற கட்டத்துல தொழிலாளியின் கவனக்குறைவுன்னு எழுதியிருந்தாங்க. ப்ரெஸ்ல முன்னாடி கை உள்ள போகாம இருக்க வேண்டிய தடுப்பை ப்ரொடக்ஷன் ஸ்பீடு போதலைன்னு கழட்டி வெச்சதே அவங்கதான், அது எழுத அங்க கட்டம் இல்ல. (பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் சட்டம்னு நம்மகிட்டயும் 1991லேருந்து ஒண்ணு இருக்கே, அதுல கேக்கலாமான்னு ஒரு அண்ணன் கேட்டாரு. அது போபாலுக்கு அப்புறம் ஆபத்தான கெமிக்கல் கையாள்ற எடங்களுக்காகப் போட்டது அண்ணே, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.)

ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. முதலாளி பணம் கட்டலைங்கிறதுக்காக தொழிலாளிக்கு இஎஸ்ஐ கையை விரிக்க முடியாது, குடுத்துட்டு அப்புறம் முதலாளிகிட்ட வசூல் பண்ணிக்கலாம். அதனால நாலு மாசமா அங்க வேலை பாத்ததுக்கு என்னென்ன இருக்குன்னு உக்காந்து தேடினோம். ஜிபேல வந்த சம்பளம், ஷிஃப்ட் மாத்தச் சொல்லி சூப்பர்வைசர் அனுப்பின வாட்ஸப் வாய்ஸ் நோட்டு, ஆயுத பூஜைக்கு எல்லாரும் மெஷின் முன்னாடி நின்னு எடுத்த போட்டோ. அந்த போட்டோல அந்த ப்ரெஸ் தெளிவா தெரியுது, சந்தனம் குங்குமம் வெச்சு மாலை போட்டிருக்கு, தடுப்பு இல்ல. எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து, தேதி வாரியா அடுக்கி, மனுவோட குடுத்திருக்கோம். ஆறு வருஷம் எதிர்ப் பக்கத்துல உக்காந்து எது இருந்தா மறுக்க முடியாதுன்னு பாத்த அனுபவம், இதுக்காச்சும் ஆச்சு.

மனு என்ன ஆச்சுன்னு பாக்க அவனை இஎஸ்ஐ சைட்ல அவன் நம்பரைப் போட்டு உள்ள போகச் சொன்னேன். போனை எடுத்தான், ஃபிங்கர் லாக்கு பழைய விரல்ல வெச்சது, அது திறக்கல, பேட்டர்ன் போட்டுத் தொறந்தான். நம்பர் அடிச்சான், ஓடிபி அனுப்பிட்டோம்னு வந்துச்சு. ரெண்டு பேரும் ஸ்க்ரீனையே பாத்துட்டிருக்கோம், வரவே இல்ல. அப்புறம்தான் கவனிச்சேன், கீழ காட்டின கடைசி நாலு நம்பர் அவனோடது இல்ல. சூப்பர்வைசரோடது.