கிலோ கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்

திருகினால் இரும்பைப் பிடிக்கும் ஸ்விட்ச் மேக்னட் இருந்தால், ரம்ப மேசையில் மரத்தை நேராக ஓட்ட வைக்கும் வழிகாட்டிச் சட்டமான ஃபென்ஸுக்கு கிளாம்பே (இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) வேண்டாம் என்ற கட்டுரையின் கருத்து பாதிதான் சரி, அண்ணாச்சி. பெட்டியில் போட்டிருக்கும் கிலோ, நேர் மேலே இழுத்தால் தாங்கும் பலம். மரம் பக்கவாட்டில் தள்ளும்போது அதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது. இடையில் மரத்தூள் இருந்தால் அதுவும் குறையும். ஒற்றை மேக்னட் போட்டால் ஃபென்ஸ் அதைச் சுற்றியே திரும்பிவிடும், இரண்டு கட்டாயம்.

நம்ம பாளையங்கோட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் இருக்கும் பழைய வார்ப்பிரும்பு மேசைகளில் நன்றாகப் பிடிக்கும். அலுமினிய மேசை என்றால் ஒட்டவே ஒட்டாது. ஐப்பசி மழையில் துருவுக்குப் பயந்து மெழுகு தடவுவோமே, அதில் இன்னும் வழுக்கும். வட்ட ரம்பத்தில் ஃபென்ஸ் நகர்ந்தால் மரம் ஆள் மேல் பாயும். ஃபென்ஸுக்குப் பின்னால் ஒரு கட்டையை கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள், தயவுசெய்து.