எதிர்ப்பக்கச் சராசரி எல்லா மனைக்கும் பொருந்தாது

"எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கினால் எந்த மனைக்கும் சதுர அடி வந்துவிடும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. மனை சரியான செவ்வகமாக இருந்தால் மட்டுமே இது பொருந்தும். மற்றபடி பரப்பைக் கூட்டித்தான் காட்டும். (விற்பவருக்கு இந்தக் கணக்கு ஏன் பிடிக்கிறது என்று புரிகிறதா?)

ரோட்டு முகப்பும் பின்புறமும் 40 அடி, பக்கங்கள் 60 அடி என்றால் 2,400, அதாவது ஒரு கிரவுண்டு என்பார்கள். சரி, மனை சாய்வாக இருந்து, மூலைக்கு மூலை அளக்கும் ஒரு மூலைவிட்டம் 60 அடிதான் வருகிறது என்றால்? இரண்டு முக்கோணமாகப் பிரித்துப் போட்டால் சுமார் 2,263 சதுர அடிதான். சதுர அடி 3,000 ரூபாய் என்றால் 4,11,000 ரூபாய் அதிகம் கொடுக்கிறீர்கள்.

மூலைவிட்டத்துக்கும் டேப் பிடியுங்கள். பட்டாவில் உள்ள பரப்பையும் எஃப்எம்பி (மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு நில அளவை) வரைபடத்தையும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் பார்க்கலாம். பட்டாவில் பரப்பு ஏர்ஸ் கணக்கில் இருந்தால், ஒரு ஏர்ஸ் சுமார் 1,076 சதுர அடி. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.