எட்டுப் பேருக்குக் காற்று

1991 செப்டம்பரில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் எட்டுப் பேர் ஒரு பிரம்மாண்டமான கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பயோஸ்பியர் 2 என்று அதற்குப் பெயர். மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகமான இடத்தில் ஒரு சின்ன மழைக்காடு, பவளப்பாறையோடு ஒரு குட்டிக் கடல், வயல், ஆடு, கோழி எல்லாம் இருந்தன. உணவும் காற்றும் உள்ளேயே உண்டாக வேண்டும், அப்படியே இரண்டு வருடம் வாழ்ந்து காட்ட வேண்டும். பணத்துக்கும் குறைவில்லை, அறிவுக்கும் குறைவில்லை.

பதினாறு மாதத்தில் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஏறக்குறைய 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 14 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தது. நாலாயிரம் மீட்டர் உயர மலையில் குடியிருப்பது மாதிரி. தூக்கத்தில் மூச்சுத் திணறியது. 1993 ஜனவரியில், வேறு வழியில்லாமல், வெளியிலிருந்து ஆக்சிஜனை உள்ளே செலுத்தினார்கள்.

காரணத்தைத் தேடிப் போனால் மண்ணில் போய் நிற்கிறது. விளைச்சலுக்காக வளமாகப் போட்ட மண்ணின் நுண்ணுயிர்கள், செடிகள் உண்டாக்கியதைவிட அதிகமாக ஆக்சிஜனை எடுத்துக்கொண்டன. அவை வெளிவிட்ட கரியமில வாயுவில் பெரும்பகுதியைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது; செடிகள் அதை எடுத்து ஆக்சிஜனைத் திருப்பித் தர வழியில்லாமல் போனது. மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் அழிந்தன, எறும்பும் கரப்பானும் பெருகின.

அந்த எட்டுப் பேர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நாம் ஒவ்வொரு நொடியும் விலை கொடுக்காமல் வாங்கிக்கொண்டிருப்பது என்னவென்று உடம்பால் உணர்ந்தவர்கள் அவர்கள். விலை இல்லாததால்தான் அது நம் கணக்கில் வருவதே இல்லை. ஒரு காட்டை வெட்டினால் மரம் விற்ற பணம் வரவில் ஏறுகிறது. அந்தக் காடு பிடித்து வைத்திருந்த தண்ணீர் செலவில் எங்கேயும் ஏறுவதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

கணக்கைச் சரியாகப் போட்டவர்களும் இருக்கிறார்கள். 1990களில் நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் வடிகட்டும் ஆலை கட்ட 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்றார்கள். நகரம் அதைவிட மிகக் குறைந்த செலவில், தண்ணீர் வந்து சேரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் நிலம் வாங்கியது, அங்குள்ள விவசாயிகளுக்கு உதவியது. இன்றும் அந்த நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி அப்படி ஓர் ஆலை இல்லாமலேதான் வருகிறது.

சரி, கணக்குப் போடாமல் விட்டால்? பாறு கழுகுகளைப் பாருங்கள். தெற்காசியா முழுக்க, செத்த மாடுகளை எலும்பு மட்டும் மிஞ்சும்படி சுத்தம் செய்துகொண்டிருந்த பறவை அது. மாடுகளின் வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் மருந்து, அந்த மாடுகளைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990களில் தொடங்கிப் பதினைந்து வருடத்துக்குள் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டன. யாரும் அந்தப் பறவையை அழிக்க நினைக்கவில்லை. அதை யாரும் நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். தின்ன ஆளில்லாமல் சடலங்கள் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, நோய்க்கிருமிகள் தண்ணீரில் கலந்தன. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் இதனால் கூடுதலாக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த மருந்தை விற்றவரும் வாங்கியவரும் கொடுத்த விலையில் இந்த உயிர்கள் சேரவில்லை.

பாறுகளைக் கொல்லாத மாற்று மருந்து பிறகு கிடைத்தது. 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. ஆனால் ஒரு பாறு ஜோடி வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அந்தக் குஞ்சு வளர்ந்து, தானும் கூடு கட்ட ஐந்து வருடமாவது ஆகும். போன கூட்டம் இன்னும் திரும்பவில்லை.