லிஸ்ட்டில் சரக்குக் கணக்கு வைக்காதீர்கள்

திங்கட்கிழமை கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். "ஷேர்பாயிண்ட் லிஸ்ட்டே போதும், தனியாக டேட்டாபேஸ் எதற்கு?" மூன்று வருடமாக நீங்கள் கேட்பது இதே கேள்வி, நான் சொல்வது இதே பதில். ஷேர்பாயிண்ட் லிஸ்ட் என்பது அலுவலகத்தில் பகிர்ந்துகொள்ளும் ஓர் அட்டவணை. நாலு பேர் சேர்ந்து பார்க்க, பேச. சரக்குக் கணக்கு வைக்க அல்ல.

நான் ஷேர்பாயிண்டுக்கு எதிரி இல்லை. விடுப்பு விண்ணப்பம், ஒப்புதல், ஆவணம் எல்லாம் அதில் நன்றாகவே நடக்கின்றன. செய்து கொடுத்தவனே நான்தான். ஆனால் 5,000 வரிகளைத் தாண்டினால் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? அதன் அடியிலும் இருப்பது எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ்தான். ஒருவர் வேலை செய்யும் வரியை இன்னொருவர் கலைக்காமலிருக்க அது பூட்டுப் போடும். ஒரே வேலைக்கு சுமார் 5,000 பூட்டுகள் போட வேண்டி வந்தால் அது முழு டேபிளையே பூட்டிவிடப் பார்க்கும், மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் அந்த வரம்பு. டேட்டாபேஸ் வேண்டாம் என்கிறவர்களும் டேட்டாபேஸ் மேல்தான் நிற்கிறீர்கள்.

"இன்டெக்ஸ் போட்டால் போதுமே." சரி, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரிதான் அது. போடுங்கள், தேடும் வேகம் வரும். கணக்கு நேராகுமா?

அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதினார். பற்று எழுதும்போது முதலாளியே கூப்பிட்டாலும் இடது கையைக் காட்டி நிறுத்துவார். வரவையும் எழுதி முடித்த பிறகுதான் நிமிர்வார். டேட்டாபேஸில் டிரான்சாக்‌ஷன் என்பது அதுதான். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் நடக்காது. இரண்டு லிஸ்ட்டுகளுக்கு நடுவே அந்தக் கட்டு கிடையாது.

திங்கட்கிழமைப் பிரச்சினையும் அதுதான். 40 ரோல் துணி கட்டிங்குக்குப் போனது. போனதாக ஒரு லிஸ்ட்டில் பதிவும் ஆனது. இருப்பு லிஸ்ட்டில் அதைத் தானாகக் கழிக்க வேண்டிய ஃப்ளோ, அதாவது தானியங்கி வேலை, நடுவில் நின்றுவிட்டது. கோடவுனில் இல்லாத 40 ரோல் திரையில் இருந்தது.

செலவு என்பீர்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இலவசம். "இவருக்குப் புதிது எதுவும் பிடிக்காது" என்பீர்கள். அதையும் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டீர்கள், வலித்தது. பரவாயில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஸ்டோர்க்காரரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "ரோல் எங்கே போச்சு?" என்று கேட்டீர்களே! பதினாறு வருடம் வேலை பார்த்த மனுஷன். சட்டைப் பையிலிருந்து கசங்கிய சிட்டையை எடுத்து நீட்டினார். 40 ரோல், தேதி, கட்டிங் மாஸ்டர் கையெழுத்து, எல்லாம் அதில் இருந்தது. யாரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

செவ்வாயிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. முதலில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். எந்த மென்பொருள் என்பதை அப்புறம் பேசலாம்.